ஒண்டுக்குடித்தனம் என்றொரு எழுத்துரு

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, என் மூக்குக்கண்ணாடியின் மேல் நான் உட்கார்ந்ததால் பிறந்தது. கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மற்ற எழுத்தாளர்கள் உள்ளொளி, தரிசனம் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு வாய்த்தது நாற்காலி.

உடைந்ததைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கண்ணாடிக் கடை தேடிப் போனேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு உலகம் மழையில் நனைந்த ஓவியம் போல — (விடுங்கள். ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான்.) பஸ் வருவது சத்தத்தில் தெரிந்தது. பள்ளம் இருப்பது காலில் தெரிந்தது. அந்தத் தெருவில் எத்தனையோ கடை, எத்தனையோ போர்டு. என் கண்ணுக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்று:

அக்கா தங்கை மூக்குக்கண்ணாடி நிலையம்

தடித்த எழுத்து. ஆனால் குறுகியது. வாலில்லை, சுழிப்பில்லை, அலங்காரமில்லை. நெரிசலான பஸ்ஸில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும் பருமனான பயணிகள் மாதிரி, உயரமாக, ஒட்டி ஒட்டி நின்றன. கண்ணாடி இல்லாத என்னைக் கூப்பிட்டு நிறுத்திய புண்ணியவான்கள்.

அப்புறம்தான் பார்த்தேன். பக்கத்திலேயே அதே பெயர், அதே எழுத்தில், இன்னொரு தடவை.

எனக்கு வியர்த்துவிட்டது. தூரப் பார்வைதான் போயிற்று என்றிருந்தேன், இப்போது எல்லாம் இரண்டிரண்டாக வேறு தெரிய ஆரம்பித்துவிட்டதா? இடக்கண்ணை மூடினேன். இரண்டு போர்டு. வலக்கண்ணை மூடினேன். அப்போதும் இரண்டு. பக்கத்தில் நின்றவரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“சார், அந்த போர்டு எனக்கு மட்டும்தான் ரெண்டா தெரியுதா?”

“ரெண்டேதான் சார், பயப்படாதீங்க. எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க.”

நான் உள்ளே போகவில்லை. எந்தக் கதவில் நுழைவது என்று புரியாமல் திரும்பி, வேறு தெருவில் கண்ணாடி வாங்கிக்கொண்டேன். ஆகவே இனி வருவதெல்லாம் எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒருவன், அதுவும் கண் தெரியாத ஒருவன், கட்டிய கதை. நம்பினால் நம்புங்கள்.

2

ஆரம்பம் ஒன்று: “அவள் எழுத்துகளை நேசித்தாள்.” — வேண்டாம். நேசித்தாள் என்று தொடங்கினால் கடைசியில் யாராவது சாக வேண்டியிருக்கும்.

ஆரம்பம் இரண்டு: “அந்தத் தெருவின் மேல் சூரியன் மெல்ல” — சூரியன் மெல்ல எதையாவது செய்ய ஆரம்பித்தால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். நீங்களும் மூடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆரம்பம் மூன்று: “அம்மாவும் சித்தியும் கடையைப் பிரித்துக்கொண்டபோது, பெயரை விட்டுக்கொடுக்க மட்டும் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.”

இது தேவலை. இதை வைத்துக்கொள்வோம்.

அம்மா, சித்தி என்று யார் வாயால் சொல்கிறோம்? அக்காவின் மகள் வாயால். அவளை எழுத்துக்காரி என்று கூப்பிடுவோம். தொழிலே அதுதான். நீங்கள் கணினியிலும் கைபேசியிலும் தட்டுகிற எழுத்துகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார் இல்லையா, அந்த யாரோ ஒருவர் அவள். உறவுக்காரர்கள் “என்னம்மா வேலை பார்க்கிறே?” என்று கேட்டால் விளக்கப் புறப்படுவாள். பாதி விளக்கத்தில் அவர்கள், “ஓ, டைப்பிங்கா!” என்று முடித்துவைப்பார்கள்.

அவள் வளர்ந்ததே கண்ணாடிக் கடையில்தான். கடைக்கோடியில் தொங்கிய கண் பரிசோதனை அட்டைதான் அவளுக்கு அரிச்சுவடி. மேலே கொழுகொழுவென்று ஒற்றை எழுத்து, கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் வரிசைகள். அவளுக்குப் பிடித்ததெல்லாம் மேல் வரிசை. கீழ் வரிசை பெரியவர்கள் திணறுவதற்காக அச்சிட்டது என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

(இந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை பொருத்தமாக யாராவது வளர்வார்களா? கண்ணாடிக் கடையில் வளர்ந்தவள் எழுத்து வரைகிறாள் என்பது கொஞ்சம் செய்துவைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் பேருந்து ஓட்டுநர் மகள் பேருந்து ஓட்டினால் யாரும் கேட்பதில்லை. போகட்டும்.)

3

கடை அப்போது ஒரே நீள அறை. சுவரெல்லாம் ஃப்ரேம், நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி, கோடியில் எழுத்து அட்டை. சித்தி கண் பார்ப்பாள். கனமான அந்தச் சோதனை ஃப்ரேமை மூக்கில் ஏற்றி, வட்ட வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, இதுவா? இதுவா, இதுவா?” என்பாள். அம்மா லென்ஸ் அறுப்பாள், ஓரம் தேய்ப்பாள், ஃப்ரேமில் பூட்டுவாள்.

இரண்டு பேருக்கும் குணம் இரண்டு திசை. அம்மாவுக்கு வாயில் வடிகட்டி கிடையாது.

“இந்த ஃப்ரேம் வேணாங்க. உங்க மூக்கு தாங்காது.”

சித்திக்கோ உலகத்தில் எல்லோரும் அழகு.

“சூப்பரா இருக்கு சார்! முகத்துக்கே ஒரு களை வந்துடுச்சு!”

யார் வந்தாலும் இதே வாக்கியம், இதே ராகம். ‘களை’யில் ஏறி ‘வந்துடுச்சு’வில் இறங்கும். எழுத்துக்காரி சின்ன வயதில் அதைப் பொம்மைகளுக்குச் சொல்லி விளையாடுவாள்.

“ஏண்டி, அந்த மனுஷன் ஆந்தை மாதிரி இருக்கான். களையாம் களை!” என்பாள் அம்மா, ஆள் போனதும்.

“அக்கா, வர்றவங்க ஏற்கெனவே கண்ணு போச்சேன்னு வருத்தத்துல வர்றாங்க. நாமளும் கூட உக்காந்து அழணுமா?”

ஒருத்தி தள்ளினாள், ஒருத்தி பிடித்தாள், வியாபாரம் ஜோராக நடந்தது. இருவர் சொன்னதும் சரிதான். அதுதான் தொல்லை.

4

இங்கே ஒரு சண்டை வேண்டும். சொத்து என்று எழுதியிருந்தால் நீங்கள் மறுபேச்சு பேசாமல் தலையாட்டியிருப்பீர்கள். சொத்துச் சண்டை எழுத எனக்கு அலுப்பாக இருக்கிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பழமொழி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இவர்கள் பிரிந்தது வயிற்றால் அல்ல, வாயால்.

ஒரு நாள் அம்மாவுக்கே எழுத்து மங்கியது. ஊருக்கெல்லாம் லென்ஸ் அறுத்தவளுக்குத் தன் பவர் தெரியவில்லை. இரண்டு நாள் மறைத்துப் பார்த்தாள். ஒரு லென்ஸைத் தவறாக அறுத்த பிறகு, போய்ச் சித்தியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இதுவா, இதுவா எல்லாம் ஆயிற்று. கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்தே கண்ணாடி வேண்டும் என்றாயிற்று. சித்தி ஒரு ஃப்ரேமை எடுத்து மாட்டிவிட்டாள். கறுப்பு, அகலம், ஓரங்கள் மேல்நோக்கிக் கூர்த்திருந்தன. அம்மா கண்ணாடி முன்னால் நின்றாள்.

“எப்படிடி இருக்கு?”

அவள் வாழ்நாளில் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. பதில் சொல்கிறவள், கேட்கிறவள் அல்ல.

“சூப்பரா இருக்குக்கா! முகத்துக்கே ஒரு களை வந்துடுச்சு!”

அதே ராகம். ஏறி இறங்கியது.

அம்மா மெஷின் பக்கம் திரும்பிப் போனாள். அடுத்த வாரம் கடைக்குத் தச்சர் வந்தார்.

இதை அம்மா எழுத்துக்காரியிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். “என்கிட்டயும் அந்தக் குரல்லயே சொன்னாடி. வாசல்ல வர்றவனும் நானும் அவளுக்கு ஒண்ணு.” சித்தியிடம் போய்ச் சொல்லட்டுமா என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்தாள். “அவளுக்கே தெரியணும். சொல்லித் தெரிஞ்சா அதுவும் ஒரு வியாபாரம்தான்.”

அந்த ஃப்ரேமை மட்டும் கழற்றவே இல்லை. வீம்பு. ஆண்டுகள் ஓடின, ஓரங்கள் வெளுத்தன, மூக்குத்தாங்கி இரண்டு முறை மாறியது, அதே ஃப்ரேம்.*

* இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்கிற வாசகருக்கு: உங்கள் வீட்டில் பேசாமல் இருக்கிற இருவரைப் பிடித்துக் காரணம் கேட்டுப் பாருங்கள். பிறகு வந்து என்னோடு சண்டை போடுங்கள்.

5

தச்சர் நடுவே தடுப்பு எழுப்பினார். எழுத்து அட்டையும் வில்லைப் பெட்டியும் சித்தி பக்கம், அறுக்கிற மெஷின் அம்மா பக்கம். பிரித்து முடித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது: ஒருத்தி பவர் பார்க்காமல் மற்றவள் அறுக்க முடியாது, மற்றவள் அறுக்காமல் இவள் விற்க முடியாது.

“தட்டு போற அளவுக்கு ஒரு ஓட்டை விடுங்க,” என்றாள் அம்மா.

அப்படியே ஆயிற்று. சித்தி கண் பார்த்து, ஃப்ரேமையும் பவர் எழுதிய துண்டுச் சீட்டையும் தட்டில் வைத்து, சுவரை ஒரு தட்டு தட்டித் தள்ளுவாள். அவசரம் என்றால் இரண்டு தட்டு. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து எடுத்துக்கொள்ளும். ஒருத்தி ஒரு முனையிலிருந்து கடைக்கு வருவாள், இன்னொருத்தி மறு முனையிலிருந்து. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது நின்றுபோயிற்று. கைகளுக்கு மட்டும் அன்றாடப் பழக்கம் தொடர்ந்தது.

மிச்சமிருந்தது போர்டு. வாசல் முழுக்க நீண்ட பழைய போர்டைத் தச்சர் அளந்து பார்த்துவிட்டு, நடுவில் அறுத்துப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அறுத்திருந்தால் ஒருத்தி கடை ‘அக்கா தங்கை மூக்கு’ என்றும், இன்னொருத்தி கடை ‘கண்ணாடி நிலையம்’ என்றும் இருந்திருக்கும். மூக்கு யாருக்கு என்பதில் முடிவு ஏற்படவில்லை.

இரண்டு பேருக்கும் முழுப் பெயர் வேண்டும். இடமோ பாதி. போர்டு அச்சடிக்கிறவர், “இதுக்கென்ன, நசுக்கிட்டா போச்சு,” என்று திரையில் எழுத்துகளை இரண்டு பக்கமும் பிடித்து நசுக்கிக் காட்டினார். எழுத்துக்காரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அகலமான எழுத்தை அப்படியே நசுக்கினால் நிற்கிற கோடு நூலாய் இளைக்கும், படுத்த கோடு மட்டும் பருத்துக் கிடக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் கோலிக்குண்டுக் குவியல்.

“நம்ம கடைக்கு வர்றவன் கண்ணாடி இல்லாம வர்றான்டி,” என்றாள் அம்மா. “அவன் கண்ணுக்குத் தெரியணும்.”

இப்படித்தான் பிறந்தது. உயரம் குறையக் கூடாது, கனம் குறையக் கூடாது, அகலம் மட்டும் பாதி. நசுக்குவது வேறு, குறுக்குவது வேறு. குறுக்குவதற்கு ஒவ்வொரு எழுத்துக்கும் எலும்பையே புதிதாகச் செய்ய வேண்டும். ‘க’வின் வயிற்றை நிமிர்த்தினாள். ‘ண’வின் சுழிகளுக்கு மூச்சுவிட ஓர் ஓட்டை மட்டும் வைத்தாள். ‘ங’ அவளைப் பாடாய்ப் படுத்தியது, எந்தப் பக்கம் இழுத்தாலும் இன்னொரு பக்கம் பிதுங்கியது. ‘மூக்குக்’ என்பதில் இரண்டு புள்ளி, நான்கு வளைவு. அதன்மேல் அவளுக்குத் தனிப்பட்ட விரோதமே வந்துவிட்டது. கடைசியில் பெயர் முழுதும் பாதிப் போர்டில் ஓரம் முதல் ஓரம் வரை கச்சிதமாக உட்கார்ந்தது.

மறுநாளே தட்டோட்டை வழியாகச் சித்தியின் குரல் வந்தது. “உங்கம்மாவுக்கு ஒரு எழுத்து, எனக்கு ஒரு எழுத்தா? எனக்கும் அதேதான் வேணும்.”

ஒரே பெயர், ஒரே எழுத்து, அடுத்தடுத்து இரண்டு போர்டு. அக்கா மட்டும் இருக்கும் கடையிலும் அக்கா தங்கை, தங்கை மட்டும் இருக்கும் கடையிலும் அக்கா தங்கை. தெருவில் போகிறவர்கள் ஒரு கண்ணை மூடி மூடிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

6

எழுத்துருவுக்கு ‘ஒண்டுக்குடித்தனம்’ என்று பெயர் வைத்தாள். அம்மாவுக்கு அது குத்திக்காட்டுவது போல இருந்தது. இருந்தாலும் எழுத்து பிய்த்துக்கொண்டு போயிற்று. இடம் கொஞ்சம், சொல்வதற்கு நிறைய என்ற நிலையில் ஊரில் யார்தான் இல்லை? உடற்பயிற்சிக் கூடம், டியூஷன் சென்டர், மருந்துக் கடை, தள்ளுபடி அறிவிப்பு என்று எங்கே பார்த்தாலும் அவளுடைய பருமனான பயணிகள் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்கள்.

“ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்,” என்றாள் அம்மா.

விளையாட்டாகத்தான் சொன்னாள். எழுத்துக்காரிக்கு அது முள்ளாய்த் தங்கிவிட்டது. இடம் போதாமல் இருந்திருந்தால் ஒருத்தி வேறு பெயர் வைத்திருக்க வேண்டும். வேறு பெயர் வைக்க இருவருக்குமே மனசு வந்திருக்காது. முறைத்துக்கொண்டே சேர்ந்து இருந்திருப்பார்கள். சண்டை உட்கார இடம் பிடித்துக் கொடுத்தது தான்தான் என்று நினைத்தாள்.

இன்னொன்றும் உண்டு. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கதையைக் கட்டுகிறவன் என்ற உரிமையில் நான் உங்களிடம் சொல்கிறேன். முதல் போர்டு மாட்டிய அன்றே அம்மா அளவு நாடாவோடு ஏணியில் ஏறிவிட்டாள்.

“ஏன் ‘தங்கை’ பெருசா இருக்கு?”

“அதுல ‘ங’ இருக்கும்மா, ‘கை’ இருக்கு. அகலம் ஜாஸ்தி.”

“அது எனக்குத் தெரியாது.”

தன் போர்டு வந்ததும் சித்தி, “ஏன் ‘அக்கா’ கனமா தெரியுது?” என்றாள்.

எழுத்துக்காரி என்ன செய்தாள் தெரியுமா? அம்மா போர்டில் மட்டும் ‘அக்கா’வை ஒரு நூலளவு தடிக்கவிட்டாள். சித்தி போர்டில் மட்டும் ‘தங்கை’யை ஒரு நூலளவு விரித்தாள். அவரவர் வாசலில் நின்று அவரவர் பார்த்து, அவரவர் திருப்தி அடைந்தார்கள்.

7

இந்தக் கதையில் அப்படி என்னதான் ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி.

ஒரு நாளிதழ் தலைப்புகளுக்கு ஒண்டுக்குடித்தனத்தைக் கேட்டது. எழுத்துருக் கோப்பை நாளை அனுப்ப வேண்டும். வெயிலில் வெளுத்த போர்டுகளையும் மாற்ற வேண்டிய நேரம். எழுத்துக்காரி எழுத்தையெல்லாம் இன்னொரு முறை திருத்தி, இரண்டு போர்டுக்கும் முழு அளவில் காகிதத்தில் அச்சடித்து, பழைய போர்டுகளின் மேல் ஒட்டவைத்தாள். அந்த நூலளவு சில்மிஷத்தையும் விடாமல்.

இந்த மாதிரி எழுத்தைக் கிட்ட நின்று பார்ப்பதில் பிரயோசனமில்லை. சாலையைக் கடந்து போய், எதிர்ப்பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவள் தொழிலில் அது பாலபாடம். அம்மாவிடம் சொன்னாள்: “அந்தப் பக்கத்துல இருந்து பார்த்தாத்தான் யாருது பெருசுன்னு தெரியும்.” சித்தியிடமும் அதையே சொன்னாள்.

“அவ வர்றாளா?” என்றாள் அம்மா.

“தெரியாதும்மா.”

பச்சைப் பொய். அவளுக்கு வேண்டியது அதுதான்: அந்த இரண்டு பேரும் ஒரு தடவையாவது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நாளிதழ் எல்லாம் சாக்கு. (கொஞ்சம் நாளிதழும்தான். அவளும் மனுஷி.)

8

நல்ல வெளிச்சமான முற்பகல். எதிர்ப்பக்கத்து நகல் எடுக்கும் கடை வாசலில் மூன்று பேர். இந்தக் கோடியில் அம்மா, அந்தக் கோடியில் சித்தி, நடுவில் எழுத்துக்காரி. இருவரும் போர்டைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்ற விரதத்தில் இருந்தார்கள்.

“எப்படி இருக்கு?” என்றாள் எழுத்துக்காரி.

அம்மா வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள்.

“சூப்பரா இருக்குடி! கடைக்கே ஒரு களை வந்துடுச்சு!”

ஏறி, இறங்கியது.

“சித்தி, அந்தக் குரல் வேணாம்.”

“எந்தக் குரல்?”

“கஸ்டமர் குரல். நாளைக்கு இதை வெளியே அனுப்பறேன். ஊரே படிக்கப் போகுது. நிஜமா சொல்லு.”

சித்தியின் முகம் சுருங்கியது. அவள் கண்களில் நீர் — (இல்லை. அவள் அழுகிற ரகமில்லை.) அவள் மறுபடி போர்டைப் பார்த்தாள். இந்தத் தடவை பார்த்த விதம் வேறு. ஒரு கண்ணை மூடினாள், இன்னொரு கண்ணை மூடினாள். இடது போர்டு, வலது போர்டு. இதுவா, இதுவா என்று உதடு அசைந்தது.

“இந்தப் பக்கம் அக்கா கனம். அந்தப் பக்கம் தங்கை அகலம்,” என்றாள் மெதுவாக. “ஆளுக்கொரு களை வர வெச்சிருக்க. என்னைச் சொல்ல வந்துட்டியே, நீ எழுதினது மட்டும் எந்தக் குரலு? யார்கிட்டடி கத்துக்கிட்ட இதை?”

ஒரு லாரி குறுக்கே போயிற்று. லாரி போன பிறகு, போர்டிலிருந்து கண்ணை எடுக்காமலே அம்மா சொன்னாள்:

“வேற யார்கிட்ட? உன்கிட்டதான்.”

தச்சர் வந்து போன பிறகு அம்மா தங்கையிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் இதைவிட நல்ல வாக்கியமாக எழுத முயன்றேன். அம்மா மசியவில்லை.

சித்தி திரும்பினாள். இத்தனை காலம் தட்டோட்டை வழியாகக் கையை மட்டுமே பார்த்தவள், வெயிலில் முழு முகத்தைப் பார்த்தாள். தலை நரைத்திருந்தது. முகத்தில் அந்தக் கறுப்பு ஃப்ரேம்.

“அக்கா… இன்னுமா அதைப் போட்டிருக்க?”

“நீதானே களை வந்துடுச்சுன்ன.”

சித்திக்குப் புரிந்துகொண்டிருந்தது. புரிவதைப் பார்க்க முடிந்தது, கீழ் வரிசை எழுத்து ஒவ்வொன்றாகத் தெளிந்து வருகிறவர் முகத்தில் தெரியுமே அந்த மாதிரி.

“நல்லா இல்லக்கா,” என்றாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “அன்னிக்கே நல்லா இல்ல. நீ கண்ணாடி முன்னாடி நின்னு எப்படி இருக்குன்னு கேட்ட. நீ யார்கிட்டயும் அப்படிக் கேட்டதே இல்ல. அக்காவுக்கு வயசாயிடுச்சுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. பயந்துட்டேன்கா. வாய்க்குப் பழகினது வந்துடுச்சு.”

அம்மா மூக்கை உறிஞ்சினாள். தூசி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இன்னொரு லாரி போயிற்று.

“ஆந்தை மாதிரி இருக்கா?”

“ஆந்தை தேவலை.”

முதலில் சிரித்தது யார் என்பதை நான் கவனிக்கவில்லை. இருவரும் நகல் கடை வாசல் அதிரச் சிரித்தார்கள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சிரிப்பு அடங்கியதும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போர்டைக் காட்டினாள்.

“அந்த எழுத்தும் நல்லா இல்லடி.”

“அதைச் சொல்லு! மூச்சு முட்டுதுக்கா. அந்த ‘ங’வைப் பாரேன், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எங்கயோ ஓடற மாதிரி.”

“நாலு வளைவும் ஒட்டிக்கிட்டு… மூக்கடைப்பு வந்த மூக்கு.”

“கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லணும்.”

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அக்காவும் தங்கையும் ஒன்றில் ஒத்துப்போனார்கள். அது, எழுத்துக்காரி உயிரைக் கொடுத்து வரைந்த எழுத்து சகிக்கவில்லை என்பதில். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் ஒண்டுக்குடித்தனம் இருந்தன.

9

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

தடுப்பை உடைக்கிறார்கள். நீளப் போர்டு திரும்பி வருகிறது. குறுகிய எழுத்தில் பெயர் பாதியிலேயே முடிந்துவிட, மீதிப் பாதி வெறுமையாகக் கிடக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று புதிதாகச் சண்டை.

அல்லது, தடுப்பை உடைக்கவில்லை. தட்டு போகிற ஓட்டையை ஆள் போகிற அளவுக்குப் பெரிதாக்குகிறார்கள்.

அல்லது, அன்று மாலையே அம்மாவுக்குப் புது ஃப்ரேம் எடுப்பதில் வாய்த்தகராறு. சித்தி வாயைத் திறந்தாலே அப்பட்டமான உண்மை. பழைய குரலே தேவலை என்று அம்மா —

எனக்கு ஒரு சிக்கல். நான் போனபோது இரண்டு போர்டும் இருந்தன, அதை மாற்ற எனக்கு மனசில்லை. ஒரு போர்டில் ‘அக்கா’ கனமாக இருந்ததா, இரண்டும் சமமாக இருந்தனவா? கண்ணாடி இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். உள்ளே தடுப்பு இருக்கிறதா இல்லையா என்பது எதிர்ப்பக்கத்திலிருந்து யாருக்கும் தெரியாது. உள்ளே போயிருந்தால் தெரிந்திருக்கும். நான்தான் போகவில்லையே.

அதனால் எனக்குத் தெரிந்த வரைக்கும்: அம்மா அந்த ஃப்ரேமைக் கழற்றி மடித்தாள். அது இல்லாமல் அவளுக்குச் சாலை தெரியாது. சித்தி கையை நீட்டினாள். பழகிய கைகள், தேட வேண்டியிருக்கவில்லை. கோர்த்துக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். பின்னால், நாளை எதை அனுப்புவது என்று தெரியாமல் எழுத்துக்காரி. இரண்டு கதவுக்கும் முன்னால் வந்து மூவரும் நின்றார்கள்.

எந்தக் கதவு என்பதை நீங்கள் திறந்துகொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. நானும் சாலையின் இந்தப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறேன், எழுதியதை உங்கள் கண்முன்னே ஒட்டிவிட்டு. எப்படி இருக்கு என்று கேட்கத்தான் போகிறேன். நல்லா இல்லை என்றால் நல்லா இல்லை என்று சொல்லுங்கள், ‘ங’வைத் திட்டுங்கள், மூச்சு முட்டுகிறது என்று சொல்லுங்கள். முகத்துக்கு நேரே சொல்லலாம், தாங்கிக்கொள்வேன். அந்தக் குரல் மட்டும் வேண்டாம்.